சோல்ஃப்ரிட்டின் நிலையம்

ஆஸ்பியோர்ன் இறந்ததை மகனுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. ஜனவரிப் புயலில் முதலில் மின்சாரம் நின்றது. சில மணி நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தது. பழைய கம்பித் தொலைபேசியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலத்தில் ஸ்கார்வ்ஹோல்ம் தீவில் ஆளிருக்கும் வீடுகள் மூன்று. மற்ற இரண்டு வீட்டாரும் அந்த வாரம் கரைக்குப் போயிருந்தார்கள். சோல்ஃப்ரிட் கணவனின் கண்களை மூடினாள். உடல் கெடாமலிருக்க அந்த அறையின் கணப்படுப்பை அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள். காற்றடங்கிப் படகு வந்துசேர இரண்டு நாள் ஆயிற்று.

மகன் டோர்கெய்ர் லிஃப்ட் மெக்கானிக். அவன் இருந்த நகரம் தீவிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உள்ளே, மலைகளுக்குப் பின்னால். வட நார்வேயில் அது பெரிய தூரமில்லை. அந்த இரண்டு நாளும் அவன் வழக்கம்போல் வேலைக்குப் போனான், கூட வேலை செய்பவர்களோடு சிரித்துப் பேசினான், நன்றாகத் தூங்கினான். அப்பா போனதைவிட இதுதான் அவனை அதிகமாக அறுத்தது.

அடக்கம் முடிந்ததும் அம்மாவை நகரத்துக்கு வரச் சொன்னான். முதியோருக்கான குடியிருப்பில் அவள் பெயரைப் பதிந்தும் வைத்தான். சோல்ஃப்ரிட் அசையவில்லை. முப்பது வருடம் மீன் கூடத்தில் காட் மீன் அறுத்தவள். கூடம் மூடப்பட்டபின் படகுத்துறையில் கயிறு பிடித்துக் கட்டும் வேலை பார்த்தாள். தீவைவிட்டு வெளியே தங்கியது மகனைப் பெற்ற வாரம் மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்வாள்.

"நீ செத்துக் கெடந்தாக்கூட எனக்குத் தெரியாதே, அம்மா" என்றான் அவன்.

"செத்தவளுக்கு என்னடா அவசரம்?"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மின்சாரமும் கோபுரமும் இல்லாமலே அம்மாவின் குரல் அவனுக்குக் கேட்கவேண்டும். இலையுதிர்காலப் புயல்கள் தொடங்குமுன் அது நடந்தால் அவள் தீவில் இருப்பாள். நடக்காவிட்டால் வாயைத் திறக்காமல் நகரத்துக்கு வந்துவிடுவாள். கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்த வீட்டில் கைகுலுக்கிய பிறகு மறுபேச்சு கிடையாது.

படகில் வைக்கும் ரேடியோ மலையைத் தாண்டாது. செயற்கைக்கோள் தொலைபேசிக்கு மாதாமாதம் கட்ட அவனுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக் கடனும் இருந்தது, கைக்குழந்தையும் இருந்தது. வழி ஒரு மொட்டைமாடியில் கிடைத்தது. லிஃப்ட் மோட்டார் அறையைப் பார்க்கப் போனவன், அங்கே குறுக்கும் நெடுக்கும் கம்பிகள் ஓடுவதைப் பார்த்து யாருடையவை என்று விசாரித்தான். நான்காம் மாடியில் குடியிருந்த ஹல்வாருடையவை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர்களின் ஊர் ஹாம் ரேடியோ சங்கத்துக்குச் செயலாளர். வானத்தில் மோதித் திரும்பும் அலைக்கு யாரும் பில் போடுவதில்லை என்று அவர் சொன்னார். ஆனால் உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு எழுதவேண்டும், அம்மாவும் எழுதவேண்டும்.

டோர்கெய்ருக்குத் தேர்வு சுலபமாக முடிந்தது. சோல்ஃப்ரிட் பாடப்புத்தகத்தை வாஃபிள் சுடும் கல்லில் சாய்த்துவைத்துப் படித்தாள். முதல்முறை தோற்றாள். இரண்டாம் முறை தேறினாள். ரேடியோவில் பெயருக்குப் பதில் சொல்லவேண்டிய அழைப்புக் குறியீடு வந்ததும் கைப்பேசியில் அதை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினாள்.

"ஆட்டுக்குக் காதுல மாட்டுற நம்பர் மாதிரியே இருக்குடா. இனிமே நான் தொலைஞ்சாலும் கண்டுபிடிச்சிரலாம்."

ஒன்றுக்கு இரண்டு நிலையம் வேண்டியிருந்ததால் செலவை எல்லாவற்றிலும் இறுக்கிப் பிடித்தான். சங்கத்தில் ஒருவர் கைவிட்ட பழைய ரேடியோ அம்மாவுக்கு. செத்துப்போன இரண்டைப் பிரித்து ஹல்வார் ஒன்றாக்கிக் கொடுத்தது அவனுக்கு. பேட்டரி அப்பாவின் படகிலிருந்து கழற்றியது. ஆன்டெனாவுக்குக் கம்பி வாங்கவே இல்லை. லிஃப்ட் பெட்டிக்கு அடியில் தொங்கும் கேபிளை மாற்றும்போது பழையதைக் குப்பையில் போடுவார்கள். அதைக் கீறினால் மெல்லிய செம்புக் கம்பிகள் கட்டுக்கட்டாக வரும். கம்பி முனையைப் பிடித்துக் கட்டும் துண்டுகளைப் பிளாஸ்டிக் காய்வெட்டுப் பலகையில் அறுத்துக்கொண்டான். ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஓடும் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே என்று ஹல்வார் எச்சரித்திருந்தார். அதை மட்டும் புதிதாக வாங்கினான்.

ஜூன் மாதம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தீவுக்குப் போனான். வீட்டு முன்னால் நின்ற வெள்ளைக் கொடிக்கம்பத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பிறந்தது முதல் பார்த்த கம்பம்தான். உயரம் பத்து மீட்டர். அவர்கள் பேசப்போகும் நாற்பது மீட்டர் அலைக்குச் சரியாகக் கால் பங்கு. அளவெடுத்துச் செய்தால்கூட இவ்வளவு பொருந்தாது. கம்பியைச் செங்குத்தாக உச்சிவரை ஏற்றினான். அடியில் தரைக்கம்பிகளை விசிறிபோல் கடற்பாசி கிடக்கும் இடம்வரை விரித்தான். உப்பு ஈரமுள்ள மண், எதிரே திறந்த கடல், நடுவில் நிமிர்ந்து நிற்கும் கம்பி. இதைவிட நல்ல ஆன்டெனா எந்தச் சங்கத்திலும் இருக்காது என்று தோன்றியது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பிறந்தநாள், பண்டிகை என்று கொடியேற்றும் நாளில் கம்பி இறங்கிவிடவேண்டும்.

அன்று மாலையே அவள் அழைப்பு விடுத்தாள். இத்தாலிக்காரர் ஒருவர் பதில் கொடுத்தார். பின்னால் ஸ்பெயினின் கனாரித் தீவிலிருந்து ஒருவர் வந்தார். சோல்ஃப்ரிட் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இருவரிடமும் மழை பெய்கிறது என்று சொன்னாள். டோர்கெய்ர் அன்றிரவு நிம்மதியாகப் படுத்தான்.

அந்த நிம்மதி ஊர் திரும்பும்வரைதான். ஞாயிறு நண்பகலில் பேசுவதென்று வைத்திருந்தார்கள். முதல் ஞாயிறு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் அம்மாவின் குரல் வரும்.

"இத்தாலிக்காரன் பேசுறான். ஸ்பெயின்காரன் பேசுறான். பெத்த புள்ளைய மட்டும் காணோம்."

குறை தன் பக்கம்தான் என்று அவன் முடிவு கட்டினான். அவனுடைய ஆன்டெனா பார்க்கச் சகிக்காது. மொட்டைமாடியில் கம்பி கட்ட அவன் குடியிருப்பில் அனுமதியில்லை. முதல் மாடி பால்கனியிலிருந்து எதிரேயிருந்த பிர்ச் மரத்துக்கு ஒரு கம்பியைத் தாழ்வாக, தொய்வாக இழுத்திருந்தான். கேபிளை மாற்றினான், முனைகளைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்தான். ஹல்வார் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். தீவுப் பக்கம் எப்படியிருக்கிறது என்று அவர் கேட்டபோது, கனாரித் தீவுவரை போகிறது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று பேச்சை முடித்துவிட்டான். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் இறுதியில் முதியோர் குடியிருப்பிலிருந்து கூப்பிட்டார்கள். நவம்பரில் ஒரு வீடு காலியாகிறதாம். பத்து நாளுக்குள் பதில் வேண்டுமாம். அவன் அம்மாவிடம் சொன்னான். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் போடவில்லை. அடுத்தமுறை பேசியபோது ஏதோ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"அலமாரியக் காலி பண்றேன். கை குடுத்திருக்கேன்ல."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. தீவை விட்டால் அவள் என்ன ஆவாள் என்று அவனுக்குத் தெரியும். தீவிலேயே விட்டால் தான் என்ன ஆவோம் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அந்த ரேடியோ இரைந்துகொண்டிருந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு ஆஸ்பியோர்னின் பிறந்தநாள். டோர்கெய்ர் சாப்பிடாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்தான். கேட்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. அன்றைக்கு வேறு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

நண்பகலில் அம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. முதலில் அந்த ஆட்டுக் காது நம்பரை, தன் குறியீட்டை, தப்பில்லாமல் சொன்னாள். பிறகு, "டேய், இருக்கியா?" என்றாள்.

அவனுக்குப் பேசும் பொத்தான் எங்கே என்றே ஒரு கணம் மறந்துபோனது. அழுத்தி, எங்கேயிருந்து பேசுகிறாய் என்று கேட்டான்.

"எங்கேருந்து பேசுவேன்? அடுப்படிலேருந்துதான்."

"கம்பத்துல கம்பிய ஏதாவது பண்ணியா?"

"கம்பத்துல ஏது கம்பி? இன்னிக்கு அப்பாவுக்குப் பொறந்தநாள். கொடி ஏத்த வேணாமா? இறக்கிட்டேன்."

"அப்ப எதுல பேசுற?"

"அதே கம்பிதான். துணி காயப்போடுற ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல இழுத்துக் கட்டிருக்கேன். என் தலை உசரம்தான் இருக்கு. கீழ போட்டா ஆடு கடிச்சிரும்." அவள் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. "கொடிய உச்சிக்கே ஏத்திட்டேன். துக்கக் கொடி மாதிரி பாதியில நிறுத்தல. பொறந்தநாளுக்கு யாராச்சும் பாதியில நிறுத்துவாங்களா?"

டோர்கெய்ருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நிமிர்ந்து நிற்கும் கம்பி அலையைத் தொடுவானத்தை ஒட்டி எறியும். அது மலைக்கு மேலே நெடுந்தொலைவு போய் இத்தாலியில் இறங்கும். பக்கத்து ஊரைத் தொடாது. தாழ்வாகப் படுத்திருக்கும் கம்பி நேர் மேலே எறியும். அது வானத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்க மழைபோல் விழும். அவன் வெட்கப்பட்ட பிர்ச் மரத்துக் கம்பி ஆரம்பத்திலிருந்தே சரி. பெருமைப்பட்ட கொடிக்கம்பம்தான் தப்பு. தேர்வில் இதே கேள்வி வந்திருந்தது. சரியான விடைக்குத்தான் அவன் குறி போட்டிருந்தான்.

இதையெல்லாம் சொல்ல வாயெடுக்கும் முன் அம்மா மறுபடி வந்தாள். இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்கு இது இருந்திருந்தா, அந்த ரெண்டு நாளும் உன்கிட்டப் பேசிட்டிருந்திருப்பேன்."

அவன் பொத்தானை அழுத்தினான். அவன் மூச்சு மட்டும் அலையில் போனது. அழுத்திய விரலை எடுக்கவும் தோன்றவில்லை. ஒருவழியாக எடுத்தபோது வேறொரு குரல் நுழைந்தது. ஹல்வார்.

"யாருப்பா அது, வெறும் மூச்சா விட்டுக்கிட்டிருக்கிறது? அழறதுன்னாலும் குறியீட்டச் சொல்லிட்டு அழணும். சட்டம் அப்படி."

டோர்கெய்ர் குறியீட்டைச் சொன்னான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஹல்வார் இருவரின் குரலும் மணியாகக் கேட்கிறது என்றார். சோல்ஃப்ரிட் அவரிடம் உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.

"அலமாரிய என்னடா பண்ணட்டும்?"

"திரும்ப அடுக்கிரு, அம்மா."

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அந்த வீடு வேண்டாமென்று சொன்னான். வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். போனிலிருந்த பெண் ஏதாவது பிரச்சனையா என்று அக்கறையாகக் கேட்டாள். ஒன்றுமில்லை, அம்மாவுக்குத் தீவில் வேலை இருக்கிறது என்றான்.

நவம்பர் நடுவில் முதல் பெரிய புயல் வந்தது. தீவில் மின்சாரம் போய்விட்டதாகக் காலையில் செய்தியில் சொன்னார்கள். அம்மாவின் கைப்பேசி அடிக்கவே இல்லை. டோர்கெய்ர் பாதி வேலையில் ஒரு லிஃப்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினான். ஜனவரி முழுவதும் அவன் நெஞ்சில் திரும்ப ஏறியது. ரேடியோவைப் போட்டான். சோல்ஃப்ரிட் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள். அவனோடு அல்ல, ஹல்வாரோடு. உப்புக் கண்டத்தை எத்தனை நேரம் ஊறவைப்பது என்பதில் இருவருக்கும் தகராறு.

நடுவில் புகுந்து தன் குறியீட்டைச் சொன்னான். நலமா என்று கேட்டான்.

"எனக்கென்ன? வெறகு இருக்கு. கூரை ஓடு ஒண்ணு ரெண்டு பறந்திருக்கு, அவ்வளவுதான். நீ ஏன் வேலைக்குப் போகல?"

இன்று விடுமுறை என்று அவன் பொய் சொன்னான். சரி, சும்மா பேட்டரியக் கரைக்காதே என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஹல்வார் பக்கம் திரும்பினாள். உப்பைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார். டோர்கெய்ர் ஒலியைக் கொஞ்சம் குறைத்தான், அணைக்கவில்லை. வேலைக் கால்சட்டையோடு சோபாவில் சாய்ந்தான். பூட்டிவிட்டு வந்த லிஃப்ட் நினைவுக்கு வந்தது. எழுந்து போகவேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.