கசப்பைக் கைமாற்றியவள்

கடைக் கதவு பாதி திறந்திருக்கும்போதே இஸ்திரிக்காரி இரண்டு மாத்திரை டப்பாக்களையும் எடுத்து, முதுகு மறைவில் வைத்துத் திறந்துவிடுவாள். தன் டப்பாவிலிருந்து எடுத்ததை ஓரகத்தியின் உள்ளங்கையில் வைப்பாள். ஓரகத்தியின் டப்பாவிலிருந்து எடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். "முழுங்குடி. வாயிலயே ஊற வச்சா எலும்புக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று அதட்டுவாள். அது தொண்டையில் இறங்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள்.

தெருவுக்கே அவள் இஸ்திரிக்கா. ஈர விரலால் பெட்டியைத் தொட்டு, அது 'சுர்' என்ற பிறகுதான் காலரில் கை வைப்பாள். சட்டையில் சுருக்கம் இருக்கிறதென்று யாராவது வந்து நின்றால், "சுருக்கம் சட்டையில இல்ல தம்பி, உன் மூஞ்சியில" என்பாள். சொல்லிவிட்டு, அதே சட்டையை மறுபடி தேய்த்தும் கொடுப்பாள். வரவர, துணி மாட்டும் கம்பி அவளுக்கு எட்டுவதில்லை. "இந்தக் கம்பிய எவ மேல ஏத்தினது?" என்று தினம் ஒரு சண்டை. குறுகிப்போனது தான்தான் என்று ஒப்புக்கொள்வாளா என்ன!

ஓரகத்தி அவள் கொழுந்தனின் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்; மிஞ்சியது கடையும் இந்த இரண்டு பெண்களும். இவள் தேய்ப்பாள், அவள் மூட்டையைத் தோளில் போட்டு மாடி மாடியாக ஏறிக் கொடுத்து வருவாள். போன மழைக்கு அவள் படியில் சறுக்கி விழுந்தாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருவரையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு உடம்பிலும் கரையான் அரித்த கதவுபோல எலும்பு.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "உடம்புக்குள்ள ஓயாம ஒரு அழற்சி கனன்றுட்டே இருக்கு. அது எலும்பையும் கரைக்குது. ஒரு வேர்லருந்து பிரிச்ச சத்து அதை அடக்குதான்னு பாக்கப் போறோம். பாதிப் பேருக்கு அந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"சமைச்சவளுக்கே உப்பு தெரியாதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரிக்காரி கைநாட்டு வைத்தாள். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, இரண்டு டப்பாவிலும் ஒவ்வொரு மாத்திரைக் கூட்டைத் திருகித் திறந்து நக்கிப் பார்த்தாள். தன்னுடையது அடிநாக்குவரை கசந்தது. ஓரகத்தியுடையது சப்பென்று இருந்தது. துப்பிவிட்டு நிமிர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள். "நான் ஒரே எடத்துல நிக்கிறவ. அவ படி ஏறுறவ" என்று இஸ்திரிப் பெட்டியிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவள் செய்தது நியாயமா என்று கேட்டால், மனசு நியாயம் என்கிறது. வாய்தான் சொல்லத் தயங்குகிறது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மருந்துச் சோதனை பாதி வழியில் இருக்க, மறுபடி படம் எடுத்து, அதில் தெரிந்ததைச் சொல்லும் நாளும் வந்தது. ஓரகத்தியின் எலும்பு அப்படியே நிற்கிறது, இஸ்திரிக்காரியுடையது இன்னும் கரைந்திருக்கிறது என்றாள் நர்ஸ்.

ஓரகத்திக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "உனக்கு மாவுதான் விழுந்திருக்கும் போல. உன் ராசி அப்படிக்கா."

"ஆமாடி, என் ராசி" என்றாள் இவள். மடியில் ஒரு பிள்ளையைத் தூங்கப் போட்டவள்போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் டாக்டரம்மா கூடத்துக்கு வந்தார். மருந்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் பெஞ்சுகளில் இருந்தார்கள்.

"ரத்தப் பரிசோதனை பண்ணினவங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. மாவு சாப்பிட வேண்டிய யாரோ ஒருத்தர் ரத்தத்துல மருந்து இருக்காம். யாருன்னு எனக்குச் சொல்லமாட்டாங்க. மாத்திச் சாப்பிட்டவங்க இப்பவே சொல்லிட்டா, அந்த ரெண்டு பேரை மட்டும் விலக்கிட்டு மத்தவங்களோட தொடரலாம். சொல்லலைன்னா யார் கணக்கையும் நம்ப முடியாது. மொத்தத்தையும் மூட வேண்டியதுதான்."



"எவ அது, ஊரு வாயில மண்ணப் போட்டவ?" என்றது பின்வரிசை. "ஒரு வருஷமா முழுங்கினது சாக்கடைக்கா?" ஊன்றுகோலோடு வந்திருந்த ஒருத்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் நாளையிலிருந்து ஓரகத்திக்கு அந்தக் கசப்பு கிடையாது. மாடிப்படிகள் மட்டும் அங்கேயேதான் இருக்கும். சொல்லாவிட்டால் இந்தக் கூடத்தில் இருக்கும் ஒருத்திக்கும் கிடையாது. அந்த வேர் எலும்பைக் காக்குமா என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

"நமக்கென்னக்கா, எவளோ பண்ணினதுக்கு நாம ஏன் குந்திக்கெடக்கணும்? துணி குமிஞ்சு கெடக்கு, வா" என்று ஓரகத்தி எழுந்தாள்.

இஸ்திரிக்காரி இடது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பிடியை விடாமலேயே, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.