கல்யாண ஜாக்கெட்டும் பின் டயரும்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டியில் என்னைத் தாண்டிப் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "அண்ணா, பின் டயர்ல காத்தே இல்ல!" என்று கத்திவிட்டுப் போனாள். நான் தலையை ஆட்டினேன். நன்றி சொல்வதுபோல ஒரு கையைக்கூடத் தூக்கினேன். அப்புறம் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக் கீழே கையைக் காட்டினார். அவருக்கும் தலையை ஆட்டினேன். சொன்னது காதில் விழுந்தது, புரியவும் செய்தது. அது என் வண்டியைப் பற்றிய பேச்சு என்றுதான் எனக்குப் படவில்லை.

அன்று விடியற்காலையில் என் மனைவி மருத்துவமனையில் இறந்துபோயிருந்தாள். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த துணிக்கடைப் பையில் அவளுடைய கல்யாண ஜாக்கெட் இருந்தது. அவளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் நான் அந்தப் பையோடு போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

எங்கள் குடும்பங்களில், புருஷனுக்கு முன்னால் போகிறவளைக் கல்யாணப் புடவை கட்டித்தான் அடக்கம் செய்வது வழக்கம். அவள் அதை வாய்விட்டே கேட்டிருந்தாள். பீரோவில் எதையாவது தேடும்போது அந்த வெள்ளைப் பட்டு கையில் பட்டுவிட்டால் போதும், "நான் போனா இதைக் கட்டித்தான் அனுப்பணும். நைட்டியோட அனுப்பிடாதீங்க, சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். "உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று நான் எரிந்து விழுவேன். புடவைக்கு அளவு கிடையாது, யாருக்கும் எப்போதும் கட்டலாம். ஜாக்கெட் அப்படி இல்லையே. பிள்ளை பெற்று, தைராய்டு வந்து, மாத்திரை தின்று, அவள் அந்த ஜாக்கெட்டுக்குள் நுழைந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதனால்தான் காலையில் அவளுடைய அக்கா பீரோவைத் திறந்து புடவையை எடுத்து வைத்தபோது நான் கேட்டேன், "ஜாக்கெட்டுக்கு என்ன பண்றது?" என்று.

"அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் தம்பி. நீ செத்த உக்காரு."

"என்ன பாப்பீங்க? முழங்கைக்கு மேல ஏறாது அது."

"தம்பி..." என்று இழுத்தார். அப்புறம் என்னவோ யோசித்து நிறுத்திக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், தெருவுக்கே தெரியும். செத்தவள்தானே, எதையாவது போட்டு மூடிவிடலாம் என்று நினைக்கிறார்களா? ஜாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த இன்னொன்றையும் அளவுக்கு எடுத்துக்கொண்டேன். அவளுடைய தம்பி மருத்துவமனையில் இருந்தான். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒன்றும் இல்லை. "மதியத்துக்குள்ள கொண்டுவந்துருவாங்க, அதுக்குள்ள வந்துடு" என்று அக்கா வாசல்வரை வந்து சொன்னார். போகாதே என்று சொல்லவில்லை.

அவளுக்கு வழக்கமாகத் தைக்கிறவர் அம்பத்தூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தார். அளவு ஜாக்கெட்டைப் பார்த்ததும், "அம்மா வர்லியா சார்?" என்றார்.

"இல்ல. இதைப் பிரிச்சு இந்த அளவுக்குப் பெருசு பண்ணணும். இப்பவே வேணும்."

"இப்பவேவா? இன்னா சார் வெளையாட்றியா? முகூர்த்த சீசன் சார், வேலை எவ்ளோ கீது பாரு!"

"இப்பவே வேணும்னா வேணும்!" என்று கத்தினேன். பக்கத்துப் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டெய்லர் என் முகத்தைப் பார்த்தார். மிஷினில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, பிளேடை எடுத்துப் பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். நல்லவேளை, கல்யாணத்துக்குத் தைத்தவர்கள் உள்ளே நிறையத் துணி விட்டு வைத்திருந்தார்கள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதைச் செய்யுங்கள், இதைச் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்குளில் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அன்றைக்கு முழுக்க முனகிக்கொண்டே இருப்பாள். கழுத்தைத் தொடவே கூடாது. துருப்பிடித்த கொக்கிகளை மாற்றச் சொன்னேன். டெய்லர் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றார். விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் மிஷின் நின்றுபோகும், எழுந்து நிற்பார், எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்பார். காலையிலிருந்து அதற்கெல்லாம் பதில் சொல்லி வாய் கசந்து கிடந்தது. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மொத்த ஆளும் மரத்துப்போயிருந்தேன்.

தைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது நேரம் இருந்தது. டயர் மட்டும் காலை வாராமல் இருந்திருந்தால் அவளைக் கொண்டுவரும் வண்டி வருவதற்கு முன்பே வீட்டில் இருந்திருப்பேன்.

திருமுல்லைவாயல் தாண்டும்போது வண்டி இடுப்பை ஆட்டத் தொடங்கியது. பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஒரு பஸ் உரசிக்கொண்டு போக, நிலை தடுமாறிக் காலை ஊன்றி நின்றேன். இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. அட சனியனே, இன்றைக்குத்தானா உனக்கு! டயரை ஒரு உதை உதைத்தேன். என் கால்தான் வலித்தது. வலித்தது கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

வெயிலில் வண்டியைத் தள்ளினேன். பஞ்சரான வண்டி எவ்வளவு கனம் என்பது தள்ளியவனுக்குத்தான் தெரியும். பை ஹேண்டில்பாரில் ஆடி ஆடி டேங்கில் இடித்தது. கசங்கிவிடும் என்று எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்திருக்கலாம். எத்தனை ஷேர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போயிருக்கும்! அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. பஞ்சர் ஆனால் பஞ்சர் கடைக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

ரோட்டோரத்தில் பழைய டயரைத் தொங்கவிட்டிருந்த கடை ஒன்று கண்ணில் பட்டது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரில் கை வைத்தவர் சட்டென்று கையை எடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, எவ்ளோ தூரம் இப்டியே ஓட்டிகினு வந்தே? கொதிக்குது! யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க."

"சொன்னாங்களா? அப்பால இன்னாத்துக்கு ஓட்னே?"

அவர் டயரை நெம்பி டியூபை உருவினார். ஆணி குத்திய இடம் ஒரு பக்கம் இருக்க, வால்வைச் சுற்றி டியூப் கந்தலாகக் கிழிந்திருந்தது. "ஆணிக்கு ஒட்டு போட்ருக்கலாம். ஓட்டி ஓட்டி நீயே கிழிச்சிகீறே. புது டியூபுதான் போடணும். நம்ம கைல இந்த சைசு இல்ல, பிரெண்டு ஒர்த்தனுக்குப் போன் போட்டா எடுத்தாந்துடுவான். செத்த குந்து."

குந்தினேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். பையின் வாய் திறந்து வெள்ளைப் பட்டும் வெள்ளிச் சரிகையும் தெரிந்தன. அவர் பார்த்துவிட்டார்.

"ஊட்ல கல்யாணமா அண்ணாத்தே?"

"ஆமா" என்றேன்.

"எங்க, மண்டபத்துலயா?"

"கோயில்ல."

"எத்தினி மணிக்கு?"

"சாயந்தரம் நாலு மணிக்கு."

"ஓ, கிறிஸ்டீனா நீங்க? அதான் சாயந்தரம். நல்ல காரியத்துக்குப் போறே, டென்சன் ஆவாத. சீக்கிரம் அனுப்சிடறேன்" என்று சொல்லி, எனக்கு டீ சொல்லக்கூடப் போனார். வேண்டாம் என்றேன். கோயிலும் நாலு மணியும் உண்மைதான். நான் சொன்னதில் பாதிக்கு மேல் பொய் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம், எங்கோ ஒரு வீட்டில் நிஜமாகவே கல்யாணம் நடக்கப்போகிறது, அதற்கு ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போகிற எவனோ ஒருவன் நான் என்று இருந்தது. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

போன் அடித்தது. அக்கா. "தம்பி, கொண்டுவந்துட்டாங்க. உள்ள படுக்க வெச்சிருக்கோம். உடுத்திவிடுற அம்மாவும் வந்துட்டாங்க. ஜனம் வர ஆரம்பிச்சிருச்சு. நீ எங்க இருக்க?"

"வண்டி பஞ்சர்."

"சரி விடு. வேற ஜாக்கெட் போட்டுடட்டுமா? வெள்ளையில ஒண்ணு இருக்கு."

"கூடாது!" எழுந்து நின்றுவிட்டேன். "நான் வர்றவரைக்கும் யாரும் அவ மேல கை வைக்கக்கூடாது. அவ கேட்டது இதை. இதைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணணும். கேக்குதா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கடைக்காரர் கையில் இருந்த நெம்புகோலைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணாத்தே?"

"என் ஒய்ஃப்."

அவர் எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. கல்யாணம் என்றாயே என்றும் கேட்கவில்லை. மளமளவென்று சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். சட்டைப்பையில் இருந்து சாவியை எடுத்து, ஓரமாக நின்ற தன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணித் திருப்பி நிறுத்தினார்.

"இத்த எடுத்துகினு போ. பிரேக்கு கொஞ்சம் கம்மி, பாத்துப் போ. உன் வண்டி எங்கியும் போவாது. காரியம்லாம் முடிச்சிட்டு நிதானமா வா."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. ஏறிக் கிளம்பிவிட்டேன்.

வழி முழுக்க ஒரே பயம்தான். அதற்குள் அந்த வேறு ஜாக்கெட்டைப் போட்டுவிடுவார்களோ, வந்த ஜனம் அவசரப்படுத்துமோ. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் செத்துப்போனதை நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஜாக்கெட், ஜாக்கெட் என்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரோ என் கையைப் பிடிக்க வந்தார்கள். உதறிவிட்டு மேலே ஓடினேன். படுக்கையறைக் கதவைத் தட்டி, "கொண்டாந்துட்டேன்" என்றேன். அக்கா கதவைப் பாதி திறந்து பையை வாங்கிக்கொண்டார். "போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, உனக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார். அப்பாடா என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல, அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அவள் கேட்ட ஒன்றைச் செய்துவிட்டேன். கடைசியில் வேலை முடிந்தது.

சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "கத்திரி எடுங்கம்மா" என்று குரல் கேட்டது. ஏதோ நூல் தொங்குகிறதோ என்று நினைத்தேன். அடுத்து, பட்டுத் துணியை நீளமாக வெட்டுகிற சத்தம் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் கோயில் பங்கில் சாவு விழுந்த வீடுகளில் எல்லாம் உடுத்திவிட வருகிற அம்மா அவர். ஜாக்கெட்டைக் கட்டிலின் ஓரத்தில் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டாகப் பிளந்திருந்தார்.

"என்ன பண்றீங்க? என்ன பண்றீங்க நீங்க? இப்பதான் தச்சு வாங்கிட்டு வரேன்!"

அவர் பயப்படவில்லை. இதையெல்லாம் நிறையப் பார்த்தவர். "எல்லாருக்கும் இப்டிதான் சார். முன்பக்கமா வெச்சி, கையை லேசா உள்ள வுட்டு, பின்னால சொருகிடுவோம். வெளிய தெரியாது."

"அப்போ இது பழைய அளவுலயே..."

"அதுவே போதும் சார். எந்த அளவா இருந்தாலும் வெட்டித்தான் ஆவணும்."

அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "காலையிலயே சொல்லலாம்னுதான் பாத்தேன் தம்பி. எனக்கு வாய் வரல. நீ எங்கயாவது போய்ட்டு வந்தா தேவலைன்னு விட்டுட்டேன்" என்றார்.

"ஏன் வெட்டணும்?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, மெதுவாகச் சொன்னார். "கை மடங்காது சார்."

கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தேன். கை பக்கவாட்டில் அப்படியே கிடந்தது. போய்த் தொட்டேன். தூக்கப் பார்த்தேன், வரவில்லை. அப்போதுதான் எனக்குள் எதுவோ உடைந்து, அந்த ஜாக்கெட்டைக் கையில் வாரிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டெய்லர் கடையிலும் ரோட்டிலும் பஞ்சர் கடையிலும், காலையிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: நான் கொண்டுபோய்க் கொடுத்தால், அவள் எழுந்து உட்கார்ந்து, தானே கையை நுழைத்துப் போட்டுக்கொள்வாள்.