கேட் பக்கத்துப் புங்கன்

எனக்கு முன்கோபம் அதிகம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, படியில் தொங்குகிறவர்களோடு மல்லுக்கட்டியவன். ரிட்டயர் ஆன பிறகு கத்துவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. திருப்பதியில் எங்கள் காலனிப் பார்க்கில் நடக்கிறவர்கள் சேர்ந்து மரம் நடப்போகிறோம் என்றதும் நானும் போய் நின்றேன்.

ஆளுக்கு ஒரு கன்று, ஆளுக்கு ஒரு குழி. கேட் பக்கத்துக் குழிமேல்தான் எனக்குக் கண். போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடம். பேங்க் மேனேஜராக இருந்தவர் ஒருவருக்கும் அதன்மேல்தான் கண். அவர் கன்றைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள், என் புங்கங்கன்றைக் குழியில் இறக்கிக் காலாலேயே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன்.

"மேனர்ஸ் இல்லாத ஆளு" என்றார். அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் வரிசையில் போய் நின்றேன்.

தண்ணீர் ஊற்றப் பக்கத்து ஊரான ஏர்பேட்டிலிருந்து ஒருவரை வைத்தோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஹோஸைக் குழியில் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்பார். ஒரு நாள் நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எழுந்து போய் ஹோஸைக் கையில் எடுத்தார்.

தை பிறப்பதற்குள் மற்றவர்களின் செடிகள் இடுப்பளவு வந்துவிட்டன. மேனேஜரின் வேம்பு அதற்கும் மேலே. என்னுடையது மட்டும் நட்ட உயரத்திலேயே நின்று இலை பழுத்துக் கொட்டியது. காலையில் அதைப் பார்த்தாலே வயிறு எரியும். நான் திட்டியதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் பழி தீர்க்கிறார் என்று முடிவு கட்டி, நேரே போய்க் கேட்டேன்.

"ரோஜும் காலைல ஊத்திக்கினுதான் சார் கீறேன். வேர்லதான் இன்னாவோ கீது. ஒரு தபா நோண்டிப் பாக்கட்டா?"

"என் செடிமேல கைய வச்சே, நடக்கறதே வேற."

அவர் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்று குழுவில் ஒற்றைக்காலில் நின்றேன். என் வாய்க்குப் பயந்தே அவரை அனுப்பினார்கள். போகும்போது கேட்டில் என்னிடம், "இந்த வயசுல எவன் சார் எனக்கு வேல குடுப்பான்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரையில் செடி மொத்தமாகக் காய்ந்தது. வேறு கன்று வைக்கலாம் என்று நானே கடப்பாரையால் தோண்டினேன். நர்சரிக்காரன் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் கவர் அப்படியே வந்தது. நடுவதற்கு முன் கிழித்து எடுத்திருக்க வேண்டிய கவர். உள்ளே வேர் வெளியே போக வழியில்லாமல் நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடந்தது. குழியைப் பிடிக்கிற அவசரத்தில் கவரோடு புதைத்தவன் நான்தான். என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேனேஜர் வருவது தெரிந்தது. கவரை உருவிச் சுருட்டி பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

"இன்னா ஆச்சு?"

"கரையான்."

குழியை எட்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்தினாரே, அவரு தினமும் பாத்தவராச்சே. வேர்ல ஏதோ கீதுன்னு ஒரு வார்த்த சொல்லலியா உங்ககிட்ட?"

"சொல்லல" என்றேன்.