கப்பி ரோட்டுப் பந்தயத்தில் கொள்ளு

முதலில் அந்தச் சத்தம்தான் வந்தது. சர்ர்ர் என்று இழுத்து, நடுவில் ஒரு கல் டயரின் ஓரத்தில் நசுங்கித் தெறித்து, எதிலோ 'டிங்' என்று பட்டு, மறுபடியும் சர்ர்ர். சமையல்கட்டில் இருந்தவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டேன். என் மகள் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாடோ தெரியவில்லை. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக ஐம்பது அறுபது பெண்கள் சரளைக்கல் பாதையில் சைக்கிளை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா வந்திருக்கிற ரேஸும்மா. தார் ரோட்டுல கிடையாது. கல்லு மேலதான் ஓட்டணும்" என்றாள்.

வீடியோவுக்குக் கீழே, பார்த்தவர்கள் எழுதியதில், ஒரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. இது நிஜமான கல் பாதையே இல்லை, பாதி தூரம் வழவழவென்று கிடக்கிறது என்று ஒரு கட்சி. இதற்கு மேலும் கல் வேண்டுமென்றால் மலையில் போய் ஓட்டுங்கள் என்று எதிர்க்கட்சி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், உத்திரமேரூருக்குப் பக்கத்தில், இந்தச் சண்டையை நாங்கள் போட்டு முடித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டோம்.

எங்கள் ஊரிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் வழி, கப்பி ரோடு. ஜல்லி கொட்டி, மேலே செம்மண் தூவி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிவிட்டு, "தார் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த நிலையிலேயே நின்றுபோன ரோடு. தேர்தல் வந்தது, மழை வந்தது, தார் மட்டும் வரவில்லை. செம்மண் கரைந்து ஏரிக்குப் போய்விட, கல் தலைதூக்கிப் பார்த்தது. அதில் சைக்கிள் ஓட்டினால் பல்லும் பல்லும் பேசிக்கொள்ளும். உத்திரமேரூருக்கு டைப்ரைட்டிங் கற்கப் போய்வந்த எனக்கு அந்த ரோட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் உலகமே எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும்.

அந்த ரோட்டைப் போட்டவர்களில் ஒருத்தி அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிக் குடிசைகளில் இருந்தாள். நடவு, களை, அறுப்பு, அது இல்லாத நாளில் ரோடு வேலை. எங்கள் ஊர் அறிவொளி வகுப்பில் நான் எழுத்துச் சொல்லித் தந்தேன், அவள் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எனக்குச் சொல்லித் தந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ரோடு வேலைக்கு நடுவில், வாடகை சைக்கிள் எடுத்து, தான் கொட்டிய ஜல்லியின் மேலேயே விழுந்து விழுந்து ஓட்டக் கற்றவள். முழங்கால் தழும்பைக் காட்டி, "இது முக்கா ஜல்லி, இது ஒண்ணரை ஜல்லி" என்று வகை பிரித்துச் சொல்வாள்.

அந்த வருடம் மார்கழியில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அடுத்த ஊருக்கும் அடுத்த ஊரில் பால்வாடியில் சமையல் வேலை. காலை எட்டு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான். நடந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம், கைக்குழந்தைக்காரி எப்போது எழுந்து, எப்போது போவது? சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. சேர வேண்டிய நாள் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை.

பொங்கல் விளையாட்டுக் கமிட்டிக்கு என் பெரியப்பா தலைவர். பெண்களுக்கு என்றால் கோலம், எலுமிச்சம்பழம் வைத்த ஸ்பூன், நாற்காலி சுற்றுவது, இவ்வளவுதான் அவருடைய உலகம். உத்திரமேரூர் சைக்கிள் கடை பாய், "லேடீஸ் சைக்கிள் ஒண்ணு ப்ரைஸா தர்றேன், பொம்பளைங்களுக்கு சைக்கிள் ரேஸு வெய்யுங்க" என்று வந்து நின்றபோது பெரியப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸ். கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவருக்குப் பரிசு.

வகுப்பு முடிந்து எல்லோரும் அவர் வீட்டு வாசலுக்குப் போனோம். அக்காதான் பேசினாள்.

"மெதுவா போறதுக்கு எதுக்கு நைனா சைக்கிளு? நாங்க நடந்தே மெதுவா போவோமே."

"வுழுந்து கையி கால ஒட்ச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

"வயல்ல வுழுந்தா யாரும் கேக்கல. சைக்கிள்ள வுழுந்தா மட்டும் கேக்க வந்துடுவாங்களா?"

பெரியப்பா பாயைப் பார்த்தார். பாய் வானத்தைப் பார்த்தார். வேகப் பந்தயம் என்று முடிவானது.

எந்த வழியில் என்பது அடுத்த தகராறு. மெயின் ரோட்டில் லாரி. பஞ்சாயத்துத் தெருவில் ஓட்டலாமே என்றார் பெரியப்பா, புதிதாகச் சரளை அடித்திருந்தார்கள். அக்கா குனிந்து ஒரு கை அள்ளினாள், விரலிடுக்கில் வழியவிட்டாள். "இது ரோடு இல்ல. மூஞ்சிக்கு பவுடர் போட்டுக்கினு கீது" என்று தட்டிவிட்டாள். கல்குவாரிப் பாதையைச் சொன்னார்கள். அதைப் போய்ப் பார்க்கவே வேண்டாம் என்றாள்: "அது கொல."

"அப்ப எதுதாம்மா ரோடு?" என்றார் பாய்.

"கப்பி ரோடுதான் பாய். கல்லுன்னா பேசணும். திட்டக்கூடாது. எங்க ஓட்டினாலும் தூங்க வுடாம பண்ணணும், ஆனா மொத்தமா கவுக்கக்கூடாது. யார் வந்தாலும் எறங்கித் தள்ளற மாதிரி ஒரு எடம் இருக்கணும். அங்க யாரும் யாரப் பாத்தும் சிரிக்கக்கூடாது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் என்பது போல எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "பாப்பா, ஜல்லில பிரேக் புடிச்சா வாரி வுட்டுடும். சைக்கிளு போற வழில போவட்டும். நீ சும்மா கூடப் போ."

என் சைக்கிளில் பிரேக் என்பது என் செருப்புதான். அதனால் அந்த அறிவுரை எனக்கு ஏற்கெனவே வாழ்க்கையாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஆரம்பம். ஏரிக்கரை வழியாகப் போய் மதகைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். விதி ஒன்றே ஒன்று, பாய் ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்: கப்பி ரோட்டை விட்டு இறங்கி வயலில் குறுக்கே போகக்கூடாது. பதினேழு பேர் நின்றோம். பாவாடை தாவணி, புடவை, ஒரே ஒரு சுடிதார். அக்காவுக்குக் கிடைத்தது பார் வைத்த ஆம்பளை சைக்கிள். புடவையை மடித்துச் செருகி ஏறி உட்கார்ந்தாள். கூட்டத்தில் யாரோ விசிலடிக்க, "உங்கம்மா பதிமூணாவதா நிக்கிது, அதுக்கும் சேத்து அடி" என்றாள். விசில் நின்றது.

அவளுக்கு அந்த சைக்கிள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் சைக்கிள் இருந்தது. இருந்தும் நான் மிதித்தேன், உயிரைக் கொடுத்து மிதித்தேன். எனக்கு இருபது வயது. ஜெயிப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் ஒரு கோழி இறக்கையடித்துக்கொண்டிருந்தது. காற்று ஏரியிலிருந்து வந்து தாவணிக்குள் புகுந்து என்னைப் பாய்மரம் ஆக்கியது. கல் பேசியது. திட்டவும் செய்தது. மதகை நான் முதலில் தொட்டேன். திரும்பும்போது என் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே அக்காவின் மூச்சு கேட்டது. வேகம் எடுத்தேன். ஏரிக்கரை வளைவு தாண்டினேன்.

அங்கே, போகும்போது இல்லாத ஒன்று, ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது.

கொள்ளு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தார்ப்பாயை விரித்து, அதன் மேல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கொள்ளுச் செடி. பக்கத்தில் காலி மாட்டு வண்டி. வண்டிக்கு முன்னால், கையில் கவைக் கோலுடன், கமிட்டித் தலைவராகிய என் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் வண்டி போகிற ரோட்டில் பயிரைப் பரப்பி வைத்தால் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். பஸ்ஸுக்கு உளுந்து, லாரிக்குக் கேழ்வரகு என்று போடுவோம். கப்பி ரோட்டில் கல் கலந்துவிடும் என்பதால் யாரும் போடுவதில்லை. பதினேழு சைக்கிள் ஒரே நேரத்தில் வரும் நாள் இனி எப்போது வரப்போகிறது என்று பெரியப்பா தார்ப்பாயோடு யோசித்திருக்கிறார்.

"வா வா வா! அப்டியே மேல ஏத்து!" என்றார்.

ஏற்றினேன். படபடவென்று காய் வெடித்தது. கொள்ளு உருண்டு டயருக்கடியில் வழுக்கியது. ஆடி ஆடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பின்னாலிருந்து குரல்.

"தே, எங்க போற? ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ! போறப்ப வண்டி வரல, வுட்டுட்டேன். அதையும் சேத்து ஓட்டிடு!"

இதை எப்படி விளக்குவது? ரேஸில் முதலாவதாக வருகிற பெண், எதிரே ஊர் தெரிகிறது, ஒலிபெருக்கி கேட்கிறது. ஆனால் கூப்பிட்டவர் பெரியப்பா. பெரியப்பா சொல்லி மாட்டேன் என்று சொன்ன வாய் எங்கள் வம்சத்தில் அதுவரை முளைக்கவில்லை. கால் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கை ஹாண்டிலைத் திருப்பிவிட்டது. சுற்றினேன். அடுத்து அவர் மருமகள் வந்தாள். அவளுக்கும் அதே கட்டளை, அவளும் சுற்றினாள். அத்தை மகள், கொழுந்தியாள், சம்பந்தி வீட்டுப் பெண் என்று வருகிறவர் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் அவருக்கு உறவு. கொஞ்ச நேரத்தில் ஒன்பது சைக்கிள்கள் கொள்ளுக்கு மேல் நவக்கிரகம் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. பெரியப்பா நடுவில் நின்று கோலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவிழ்ந்த புடவையை வளைவில் நின்று மறுபடி செருகிக்கொண்டு, அக்கா தார்ப்பாயின் விளிம்பு வரை வந்தாள்.

"ஏ, நீயும்தான்! ஏத்து!"

அவர் நிலத்தில் பத்து வருடம் வேலை செய்தவள் அவள். அந்தக் குரலுக்கு அவள் உடம்பு நிமிர்ந்ததை நான் சுற்றிக்கொண்டே பார்த்தேன். ஒரு விநாடிதான்.

"இன்னிக்கி கூலி வேல இல்ல நைனா, ரேஸு!" என்று கத்திவிட்டு சைக்கிளை ஓரத்துக்கு ஒடித்தாள்.

ஓரத்தில் மீந்துபோன ஜல்லி, ரோலரே பார்க்காத உதிரி ஜல்லி, குவியலாகக் கிடந்தது. அதில் நான் நடக்கவே பயப்படுவேன். அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று, பிரேக்கைத் தொடாமல், சைக்கிளைத் தளர விட்டு, தண்ணீரில் போவது போல அதன் மேல் போனாள். கல் இரண்டு பக்கமும் சிதறியது. பெரியப்பா குதித்து விலகினார். அவ்வளவுதான், போய்விட்டாள்.

என் செயினில் கொள்ளுக்கொடி சுற்றி இறுகிவிட்டது. நான் வந்து சேர்ந்தது எட்டாவதாக, தள்ளிக்கொண்டு.

வண்டி ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார் பெரியப்பா.

"அவ ரோட்ட வுட்டு எறங்கிட்டா. செல்லாது."

"நான் எங்க எறங்கினேன்? ஜல்லி மேலயேதான் வந்தேன்" என்றாள் அக்கா. "இவங்கதான் கொள்ளு மேல வந்தாங்க. பந்தயம் கப்பி ரோட்டுலயா, களத்துலயா?"

"கொள்ளுக்கு அடில ரோடு கீதில்ல?"

"அடில பாத்தா தார் ரோட்டுக்கு அடிலயும்தான் ஜல்லி கீது. நான்தான கொட்னேன்?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாய் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, வரிசையாக நின்ற சைக்கிள்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தார். என் டயர் வரிகளிலிருந்து விரலால் கொள்ளை நோண்டி உள்ளங்கையில் சேர்த்தார்.

"இன்னாம்மா இது, ரேஸுக்குப் போனியா, ரசம் வெக்கப் போனியா?"

அக்காவின் சைக்கிளுக்கு வந்தார். வெறும் கல் தூசு. ஒரு கொள்ளு இல்லை. எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பதினேழு பேர்ல முழுக்க முழுக்க கல்லு மேல வந்தது இந்தம்மா ஒருத்திதான். மீதிப் பேருக்கு நைனா ஒரு படி கொள்ளு குடுத்தா நியாயம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெரியப்பா முறைத்தார். பிறகு தலையில் ஒட்டியிருந்த சருகோடு வந்து, தலைவர் என்ற முறையில், சைக்கிளின் ஹாண்டிலை அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னிடம் மெதுவாக, "கொள்ளு நல்லாவே உதுந்துச்சி" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஏரிக்கரை வளைவு வரை நான் அவளோடு போனேன். புது சைக்கிளின் சீட்டில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. துவைத்த புடவை, கேரியரில் டிபன் தூக்கு. இறங்கி நின்று, தலைப்பை இழுத்து இழுத்துச் செருகினாள்.

"பயமா கீதாக்கா?"

"ரோட்டுக்கு இன்னா பயம்? அங்க டீச்சரம்மா, வந்து நாற்காலில உக்காருன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னுதான்."

"சொன்னா உக்காருங்க."

அவள் ஒரு காலைப் பெடலில் வைத்தாள். யோசித்தாள்.

"சரி, உக்காந்து பாக்கறேன். நீ வூட்டுக்குப் போ பாப்பா."