நூற்றுப் பத்து வோல்ட்

மீட்டர்காரி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. கைப்பையில் பவுடர் இருக்கிறதோ இல்லையோ, வோல்ட் பார்க்கும் மீட்டர் இருக்கும். பதினெட்டு வருஷம் யூ.பி.எஸ். ரிப்பேர் கடையில் குனிந்தே கழுத்து தேய்ந்தவள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். அளக்காமல் நம்பியது ஒரே ஒரு ஆளை, அக்கா புருஷனை. அதற்கு வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் மண்டையை உடைத்துச் செய்த பேட்டரி ஸ்கூட்டர் கன்ட்ரோலரை அவர் கண்காட்சிக்குத் தூக்கிப்போய், தான் செய்ததாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பேப்பரில் படம் வேறு. கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்னம்மா பேச்சு? நீ ரெண்டு ஸ்க்ரூ முடுக்கின, அவ்வளவுதானே?" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டு வந்தாள். மனசு மூடிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு பழைய காரின் கூட்டை வாங்கி, எஞ்சினைக் கழற்றிப்போட்டு, மோட்டார் வைத்து, இருபத்துநாலு லித்தியம் செல் அடுக்கினாள். சார்ஜர் மட்டும் பழைய ஆசிட் பேட்டரிக்கு உண்டானது, எண்பத்தெட்டு வோல்ட் வரை ஏற்றும். அதைத் திறந்து, அளவைத் தீர்மானிக்கும் ஒரு ரெசிஸ்டரை மட்டும் மாற்றி, எண்பத்துநாலில் நிற்க வைத்தாள். கார் ஓடியது. அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அத்தான் மோப்பம் பிடித்து வந்தார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..." என்றவர், அவள் டீ போடப் போனதும், செய்முறையெல்லாம் எழுதி வைத்திருந்த அவளுடைய நோட்டைப் பிரித்துப் போனில் படம் எடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுத்த மாதம் அதே மாதிரி கார் ஒன்று அவர் கடையில் தயாராவதாகக் காதுக்கு வந்தது. சார்ஜர் பக்கத்தை அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதற்காகத் திரும்ப வருவார்.

வரட்டும் என்று எழுதி வைத்தாள், வேறு ரெசிஸ்டரை. அதைப் போட்டால் நூற்றுப் பத்து வோல்ட் வரும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் நூறுதான் தாங்கும். கண்காட்சியில் சார்ஜரைத் தனியாக மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டுவது அவர் வழக்கம். மீட்டர் பிடிக்கத் தெரியாத மனுஷன், அளக்கவும் மாட்டார். கூட்டத்துக்கு நடுவில் டமார் என்று வெடிக்கும், நாற்றமும் புகையுமாக மேடையில் நிற்பார். யாருக்கும் காயம் கிடையாது, மானம்தான் போகும். நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. அவர் வந்தார், படம் எடுத்தார், டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தானுக்கு இப்பத்தான்டி என்மேல பாசம் வந்திருக்கு! கண்காட்சி முடிஞ்சதும் காரு எனக்காம். வீட்லயே சார்ஜ் போட்டுட்டுக் கடைக்குப் போயிருக்காரு. ஆனா என்னமோ இனிப்பா ஒரு வாசனை அடிக்குது..."

செல் சூடேறிக் கசிந்தால் வரும் வாசனை அது என்று மீட்டர்காரிக்குத் தெரியும். கப்பாசிட்டரைப் பற்றி யோசித்தவள், பேட்டரியோடு சேர்த்து மாட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. பேட்டரி வோல்ட்டைச் சட்டென்று ஏற விடாது. கப்பாசிட்டர் வெடிப்பதற்குள் செல்கள் வெந்துவிடும்.

"மெயினை அணைச்சிட்டு வெளிய போக்கா! காரைத் தொடாதே!"

செருப்பு போடாமல் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அக்கா தெருவில் இருமிக்கொண்டு நின்றாள். மீட்டர்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் நின்ற முன்கூடத்திலிருந்து வெள்ளைப் புகை வந்தது. செல்கள் பலாக்கொட்டையாய் உப்பியிருந்தன. இன்னும் கால் மணி போயிருந்தால் வீடு மிஞ்சியிருக்காது.

அத்தான் கடை ஆட்களோடு வந்து இறங்கினார். முகம் வெளிறிக் கத்தினார்: "உன் நோட்டுல இருந்த மாதிரிதானே அப்படியே செஞ்சேன்! எல்லாமே உன் நோட்டுப்படிதானே!"

நான்கு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை, நாலு பேர் முன்னால் வந்து விழுந்தது. அந்த நிலைமையிலும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்ததுதான் வெட்கக்கேடு.

அக்கா இருமலை அடக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"நீ எதையும் தப்பா எழுத மாட்டியேடி."

"தப்பா எழுதலக்கா. தெரிஞ்சுதான் எழுதினேன்."

அக்கா அவள் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.