மூடிய இமைகளின் மேல் எழுதிய கண்கள்

போன திங்கட்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஸ்டூடியோவைத் திறந்துகொண்டிருந்தேன். ஓவியர் சவரிமுத்து அண்ணாச்சியின் தம்பி இராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "அண்ணன் தவறிட்டாக" என்றார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவருடைய மாதா படங்களையும் நாடகத் திரைகளையும் மெச்சியவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அந்தப் பேர் வருவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் செய்த தொழில் உங்களில் பலருக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று ஜனங்கள் பயந்த காலம் அது. ஆள் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் துணியால் கட்டிப் படம் எடுப்பேன். அந்தப் படத்தில், மூடிய இமைகளின் மேல் அண்ணாச்சி திறந்த கண்களை எழுதுவார். அந்த வீடுகளுக்கு அவர் வந்ததே இல்லை.

அவருக்குப் பேர் வந்த பிறகு, சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போனோம். கூடத்தில் எங்கள் பழைய படங்கள் மூன்று தொங்கின. ஒரு கிழவர், அவர் மருமகள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இலையில் உட்கார்ந்த அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"ஏலே, மூணு பேருக்கும் இருக்கது என் கண்ணு."

பார்த்தேன். மூன்றும் அவர் கண்கள்தான். எல்லோருக்கும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார்.

அன்றோடு அவர் நிம்மதி போயிற்று. "எம்புட்டு வீட்டுல நான் முழிச்சுக்கிட்டு இருக்கேனோ" என்பார். ஒரு நாள் மத்தியானம் திரைக்கு நீலம் பூசிக்கொண்டே, "ஆலங்குளத்து வீட்டுல தொட்டில் கட்டிட்டாக" என்றார். கேலி செய்தேன். அடுத்த வாரம் வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். எங்கள் படத்துக்கு நேர் எதிரே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

பழைய படங்களை வாங்கிக் கண்களை அழித்துவிடுவது என்று கிளம்பினார். "அப்ப நான் செஞ்சது வேலையில்லல, களவு." இராஜபாளையத்தில் நாங்கள் போன முதல் வீடு பாக்கியத்தம்மாளுடையது. கணவர் படத்தை அந்த அம்மாள் தரவில்லை.

"இது உங்க வீட்டுக்காரர் கண்ணு இல்லம்மா. தப்பா எழுதிட்டேன்."

"அன்னைக்கே தெரியும்யா. அவிய ஒரு நாளும் என்னய இப்படிப் பாத்ததில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பும் வழியில் அண்ணாச்சி, "நல்லா வரையத் தெரிஞ்ச பொறவு அப்படி ஒரு பார்வைய என்னால எழுதவே முடியலையே" என்றார், தாழ்ந்த குரலில். அதன் பிறகு வேறு எந்த வீட்டுக்கும் அவர் போகவில்லை.

என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரசவத்தில் இறந்த என் மனைவி ரோசம்மாளை நான்தான் படம் எடுத்தேன். கண் எழுதியது அவர். "அத ஒண்ணாவது குடுல. அவ முகத்துல நான் இருக்கக் கூடாது" என்பார். நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். அவளை எவரும் தொடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. கடைசி வரை கொடுக்கவில்லை. அது இப்போது உறுத்துகிறது.

அண்ணாச்சியின் ஞாபகமாக என்னிடம் இருப்பதும் அந்தப் படம்தான். அடக்கம் முடிந்து வந்து அதன் முன்னால் நின்றேன். பயமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கக் கையை நீட்டினேன். திருப்புவது அவளையா, அவரையா என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன்.