யூதன் வேஷம் கட்டிய மஜீத் பாய்

மஜீத் பாய் போய்விட்டார்... காலையில் துடியலூர் பஸ்ஸில் இருந்தபோது அவர் மகன் போனில் சொன்னான். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம்தானே பேசினார்! "ஏனுங்க பழனியண்ணா, உசுரோடதான் இருக்கீங்களா?" என்று கேலி பண்ணின மனுஷன்...

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உக்கடத்தில் ஆணி, தாழ்ப்பாள் விற்கிற கடை அவருக்கு. நான் மில் தொழிலாளி. சாயங்காலமானால் இரண்டு பேரும் ஒரே நாடகக் குழு. அவர் காமெடி, நான் திரைக் கயிறு.

சூலூரில் ஒரு தடவை மேடையில் தும்மிவிட்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "சிரிக்காதீங்க, நெசமாலுமே ஜலதோஷமுங்க" என்றார். அதற்கும் கைதட்டல்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷம் வில்லன் வேஷம். எங்கள் டைரக்டர் காலேஜ் வாத்தியார். பழைய இங்கிலீஷ் நாடகம் ஒன்றைத் தமிழில் போட்டார். வட்டிக்கு விடுகிற யூதன்... ஊரே அவன்மேல் துப்பும். கடைசியில் கோர்ட்டில் தோற்பான். மதமும் மாற வேண்டும் என்று தீர்ப்பு.

யூதனை எங்களில் யார் பார்த்தது? டிரஸ் வாடகைக் கடைக்காரரும் பார்த்ததில்லை. தொப்பி, மருதாணி போட்ட தாடி, மெழுகு மூக்கு என்று தனக்குத் தோன்றியதை அனுப்பிவிட்டார்.

நாடகத்தன்று மேக்கப் முடிந்து கண்ணாடி பார்த்தார் பாய். முகம் செத்துப்போனது.

"சார்... அந்த மூக்கை எடுத்துப்போட்டா இது எங்க அத்தாங்க."

அவருடைய அத்தா, அதாவது அப்பா, அதே மாதிரி தொப்பியும் மருதாணித் தாடியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகன் நடிப்பதைப் பார்க்க அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார்.

டைரக்டர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "மஜீத், அந்தக் காலத்துல யூதங்களைக் காடு தோட்டம் வாங்க விடலை. தொழில் சங்கத்துல சேர்த்துக்கலை. வட்டித் தொழிலைத்தான் உட்டுவெச்சாங்க. அப்பறம் வட்டி வாங்கறான்னு அவங்களையே வெறுத்தாங்க. இதை எழுதுன ஆளோட நாட்டுல இருந்து எத்தனையோ தலைமுறைக்கு முந்தியே தொரத்தியும் போட்டாங்க. யூதனைக் கண்ணுல பாக்காமயே அவனை நெனச்சுச் சிரிச்ச கூட்டமப்பா அது. அதை மனசுல வெச்சுத்தான் இதைப் பாக்கோணும்."

"காரணம் புரியுதுங்க சார். ஆனா எச்சி எம்மேலதானுங்களே உழுகுது?"

டைரக்டர் பெட்டியைவிட்டு எழுந்தார். வெளியே விசில் பறக்கிறது. "வேண்டாம்னா நிறுத்திப்போடலாம்" என்றார்.

பாய் மூக்கையும் தாடியையும் தானே பிய்த்துப் போட்டார். தொப்பியைக் கழற்றி வைத்தார். "போறனுங்க. ஆனா எங்க கடையில இருந்து போட்டுட்டு வந்த சட்டையிலதான் போவேன்."

அவரைப் பார்த்ததுமே ஜனம் சிரித்தது... பழக்கம். துப்புவதுபோல நடிக்க வேண்டிய பையன் வேகத்தில் நிஜமாகவே துப்பிவிட்டான். அதற்கும் சிரிப்பு.

மதம் மாற வேண்டும் என்று தீர்ப்பு வந்ததும் கொட்டகையே கைதட்டியது. பாய் உடனே உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

டைரக்டர் "போடு, போடு" என்று எனக்குக் கை காட்டுகிறார். கயிறு என் கையில்தான் இருக்கிறது... நான் இழுக்கவில்லை.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. ஒரு குழந்தை இருமுவது கேட்டது. அதற்கப்புறம்தான் பாய் நடந்து உள்ளே வந்தார்.

அத்தா மேடைக்குப் பின்னால் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். தோள் துண்டால் மகன் கன்னத்தைத் துடைத்தார்.

"ஏண்டா மஜீது... அந்தாளு அப்பறம் எங்கடா போனான்?"

"தெரியலீங்க அத்தா. அதை எழுதி வெக்கலீங்க."

அதற்கப்புறமும் காமெடி பண்ணினார். அந்த வேஷத்தை மட்டும் யார் கேட்டும் கட்டவில்லை.

இன்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது. நானும் மூன்று பிடி மண் போட்டேன். இன்னும் நம்ப முடியவில்லை...

வாரனுங்க பாய்.